சிறு பட்டறைகளின் நச்சுக் கசடு: முலாம் பூச்சுத் தொழிலை முன்வைத்து

கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார், கிரைண்டர் உதிரிப்பாகங்களுக்கு முலாம் பூசித் தரும் பட்டறைகளில் பல, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைக் கொண்டு நடப்பவை. குரோமியமும் நிக்கலும் துத்தநாகமும் அங்கே அன்றாடப் புழக்கத்தில் உள்ளன. அங்கிருந்து வரும் கசடு பெரிய ஆலையின் கசடுக்கு நச்சில் குறைந்ததல்ல, அளவில்தான் குறைவு. கழிவைப் பிரித்து வைக்கும் கடமை ஒவ்வொரு பட்டறைக்கும் தனித்தனியே இருக்க வேண்டும், அதைக் கொண்டுசேர்க்கும் வேலையைத்தான் கூட்டாகச் செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். நடைமுறை பெரும்பாலும் இதற்குத் தலைகீழாக இருக்கிறது. கழிவுகள் ஒரே வாய்க்காலில் கலக்கின்றன. லாரி பிடிக்க மட்டும் ஒவ்வொருவரும் தனியாக அலைகிறார்கள்.

கலப்பதில் என்ன தவறு? குரோம் தொட்டியிலிருந்து தூக்கிய பொருளை அலசும் நீரில் அறுஇணைதிறன் குரோமியம் இருக்கும். அது புற்றுநோய் உண்டாக்குவது. நீரில் எளிதில் கரைந்து நிலத்தடிக்கு இறங்கிவிடுவது. அந்த நீரில் அமிலம் சேர்த்து, பி.எச். அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் நிறுத்தி, சோடியம் மெட்டாபைசல்பைட்டைப் போட்டுக் கலக்கினால் மஞ்சள் மறைந்து பச்சை தெரியும். நச்சு குறைந்த மூவிணைதிறன் குரோமியமாக மாறியதற்கு அதுவே அடையாளம். பிறகு சுண்ணாம்பிட்டு 8, 9 அளவுக்கு உயர்த்தினால் குரோமியம் கசடாகப் படியும். சயனைடு கலந்த துத்தநாகத் தொட்டியின் நீருக்கு வேண்டியதோ நேர் எதிரானது. பி.எச். 10-க்கு மேல் காரமாக வைத்துத்தான் ஹைப்போகுளோரைட்டால் சயனைடைச் சிதைக்க முடியும். இரண்டும் ஒரே வாய்க்காலில் சேர்ந்து அமிலம் மேலோங்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும்; பக்கத்தில் நிற்பவரின் உயிரை அது எடுத்துவிடும். ஆகவே பிரித்து வைப்பது வேலையாட்களின் உயிரோடு சேர்ந்த கடமை. அதை வெளியே இருக்கும் எந்தப் பொது நிலையத்திடமும் ஒப்படைக்க முடியாது.

கழிவைப் பிறப்பிலேயே குறைக்கும் வழிகளும் பட்டறைக்குள்தான் இருக்கின்றன. ரேக்கைத் தூக்கியதும் அலசாமல், தொட்டிக்கு மேலேயே சற்று நேரம் பிடித்துச் சொட்டவிட வேண்டும். அடுத்து ஓடாத நீருள்ள ஒரு தொட்டியில் முக்கி எடுத்து, அந்த நீரையே ஆவியாகிக் குறையும் முலாம் கரைசலில் ஊற்றிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய நிக்கலும் குரோமிக் அமிலமும் சாக்கடைக்குப் போவது குறையும். ஆனால் பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் சொட்டும்வரை காத்திருக்க மாட்டார். கூலிமுறையை மாற்றாமல் சுவரில் அறிவிப்பு ஒட்டிப் பயனில்லை.

இனிச் சட்டம். இந்தியாவில் அபாயகரக் கழிவுகளுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள் கழிவின் வகைக்கேற்ப அளவு வரம்பு வைத்திருந்தன. 2016-ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையோ எந்தத் தொழில்முறையில் கழிவு பிறக்கிறது என்பதையே அடிப்படையாகக் கொண்டது. இரசாயனம் வந்த காலி டிரம்மும் அதில் அடக்கம்; அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதும் வீட்டில் தண்ணீர் பிடிக்கக் கொடுப்பதும் விதிமீறல். கழிவை 90 நாள்வரை வைத்திருக்கலாம். ஆண்டுக்கு 10 டன்னுக்கு மிகாத சிறு உற்பத்தியாளருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை 180 நாளாக நீட்டலாம். அனுப்பும்போது ஏழு பிரதிகள் கொண்ட சரக்குச் சீட்டு வேண்டும். அமெரிக்கச் சட்டம் மாதம் 100 முதல் 1,000 கிலோ வரை கழிவு தருவோருக்கு 180 நாள் கொடுத்து, 200 மைலுக்கு மேல் அனுப்ப வேண்டியிருந்தால் 270 நாளாக்குகிறது. தூரமும் ஒரு செலவு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. கும்மிடிப்பூண்டியில் உள்ள பாதுகாப்பான நிலநிரப்பு நிலையம் கோவையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நான்கைந்து மூட்டைக் கசடுக்கு எந்தப் பட்டறைக்காரர் அவ்வளவு தூரம் லாரி அனுப்புவார்? நாள் கணக்கை மட்டும் நீட்டுவதை நான் தீர்வாகக் கருதவில்லை. ஒழுகும் தகரக் கொட்டகையில் கசடு இன்னொரு மழைக்காலத்தைக் கடக்கும், அவ்வளவுதான்.

பால் சங்கம் வீடுவீடாக லிட்டர் கணக்கில் பாலெடுத்து ஒரே வண்டியில் ஏற்றுவதைப் போல, தொழிற்பேட்டைச் சங்கம் குறித்த நாளில் மூட்டைகளைச் சேகரித்து அனுப்பலாம். ஆனால் கூட்டு ஏற்பாடு என்றாலே பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் 2015 ஜனவரி 31 அன்று இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பலருடைய கசடு ஓரிடத்தில் சேர்ந்தபின் அது யாருடையது என்ற கேள்வி மங்கிப்போகும் அபாயம் எப்போதும் உண்டு. எனவே ஒவ்வொரு மூட்டையிலும் பட்டறையின் பெயர், கசடின் வகை, எடை, நாள் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். சங்கத்தின் கிடங்கில் சேரும் கசடுக்கு உச்ச வரம்பு வேண்டும். அதைத் தொட்டால், புதிதாக வாங்குவதை நிறுத்திவிட வேண்டும்.

செலவை யார் ஏற்பது? வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் குறித்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஜாப் ஒர்க் முறையில் இயங்கும் தொழிலில் மாசுபடுத்துபவர் யார்? பளபளக்கும் பாகம் பெரிய நிறுவனத்துக்குப் போகிறது. கசடு பட்டறையிலேயே தங்குகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கும் ரேட்டில் கசடை அகற்றும் செலவு தனியாகக் காட்டப்படுவதில்லை. ரேட்டைக் குறைத்துக் கேட்கும் நிறுவனத்துக்கு, எந்தச் செலவு முதலில் வெட்டப்படும் என்பது தெரியாததல்ல. ஜாப் ஒர்க் பில்லில் அகற்றும் கட்டணம் தனி வரியாக இருக்க வேண்டும். கசடு நிலையத்தைச் சேர்ந்ததற்கான சீட்டின் நகலைக் காட்டிய பிறகே பட்டறைக்கு அடுத்த ஆர்டர் என்பதை வேலை கொடுக்கும் நிறுவனத்தின் கடமையாக விதிகளில் எழுத வேண்டும். வாரியத்தின் ஆய்வாளர் சந்துசந்தாகப் பட்டறைகளைத் தேடிப் போவதைவிட, வேலை கொடுக்கும் நிறுவனங்களின் கொள்முதல் கணக்கைப் பார்ப்பது எளிது. எந்தப் பட்டறைக்கு எவ்வளவு எடை போனது என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. அதே பட்டறையின் பெயரில் நிலையத்துக்கு எவ்வளவு கசடு வந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடையில் காணாமல்போனது எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.