பலகையில் பேரில்லாத மீன்

காயல்பட்டினத்துக்கு நாக்கை நம்பி வருகிறவர்கள் முதல் நாள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். கடைத்தெருவில் பரோட்டா உண்டு, சால்னா உண்டு, மாலையானால் கிரில் சிக்கனும் ஷவர்மாவும் உண்டு. திருச்செந்தூரிலும் தூத்துக்குடியிலும் இதே பலகைதான், இதே விலைதான். ஊர்ப் பேரைச் சொல்லும் சமையல் வீடுகளுக்குள் இருக்கிறது. நெய்ச்சோறும் களரிக்கறியும் ஒரே சஹனில், அதாவது பெரிய தட்டில் வைத்து, இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க வேண்டுமானால் யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும். கொழும்பு, கொல்கத்தா, ஹாங்காங் என்று ஆண்கள் வியாபாரத்துக்குப் போய்விட, பெண்மக்களுக்குக் கொடுத்த வீடுகளில் அடுப்பு அணையாமல் எரிந்த ஊர் இது. இங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். இப்படிப்பட்ட ஊரில் சாப்பாட்டுக் கடை வழிப்போக்கருக்கும் தனியாளுக்கும்தான் தேவைப்பட்டிருக்கும்.

கடைகளைக் குறை சொல்லவில்லை. காலையில் பசியாற இடியாப்பம் வாங்கினால், சில கடைகளில், சில நாள்களில், கூட வைக்கிற தேங்காய்ச் சம்பலில் பழுப்பாகத் தூள் ஒன்று தென்படும். கருவாட்டு வீச்சம் இல்லை, லேசான புகைவாடை. பல்லில் கொஞ்சம் நெறுநெறுக்கும். அதுதான் மாசி. பலகையில் அதற்குப் பேர் இல்லை, தனி விலையும் இல்லை. நான் பார்த்தவரை, இந்த ஊர்ச் சாப்பாட்டில் இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த பொருள் வேறொன்று இல்லை.

மாசி பிறப்பது மாலத்தீவைச் சுற்றியுள்ள கடலிலும், அதற்கு வடக்கே லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் இருக்கிற மினிக்காயிலும். மீன் சூரை. அங்கே சூரையை வலைபோட்டுப் பிடிக்கும் வழக்கம் இல்லை. கரையோரத்தில் பிடித்த பொடிமீன்களை உயிரோடு படகில் வைத்திருந்து, சூரைக் கூட்டம் தென்பட்டதும் அள்ளி வீசுவார்கள். இரையைக் கண்டு கூட்டம் வெறிபிடித்து மேலே வரும்போது, பின்தளத்தில் வரிசையாக நிற்கிற ஆள்கள் தூண்டிற்கழியை இறக்குவார்கள். முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது. கடித்த மீனைத் தலைக்குமேல் சுண்டினால் அது தானாகவே கழன்று படகுக்குள் விழும், அடுத்த நொடியில் கழி மறுபடியும் தண்ணீரில் இருக்கும்.

சூரை ரத்தம் மிகுந்த மீன். வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே நஞ்சாக மாறிவிடும். பனிக்கட்டி இல்லாத காலத்தில் தீவுக்காரர்கள் இதற்குக் கண்ட வழிதான் மாசி. தலையையும் குடலையும் நீக்கி, முள்ளெடுத்து, சதையை நீளத் துண்டங்களாக வகிர்ந்து உப்புநீரில் அவிப்பார்கள். பிறகு தென்னம்மட்டைப் புகையில் இட்டு, நாள்கணக்கில் வெயிலில் காயவைப்பார்கள். முழு மீனின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. ஆனால் தேறியது மாதக்கணக்கில் கெடாது. இரண்டு துண்டை எடுத்துத் தட்டினால் தச்சுப்பட்டறையில் கட்டையோடு கட்டை மோதுகிற சத்தம் வரும். அவித்த தண்ணீரையும் அவர்கள் கொட்டுவதில்லை. கரும்பழுப்புக் களியாகும்வரை வற்றவைத்து, ரிஹாகுரு என்று சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறார்கள்.

இதெல்லாம் எவ்வளவு பழைய வேலை என்பதற்குப் பயணி இப்னு பதூதாவே சாட்சி. 1343இல் மாலத்தீவுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே காஜியாகவும், அதாவது நீதிபதியாகவும் இருந்தவர். மீனை நான்காக வெட்டி, லேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் போட்டுப் புகையிடுவதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் ஏற்றுமதியாவதையும் எழுதிவைத்திருக்கிறார். சதை சிவப்பு, கொழுப்பில்லை, ஆட்டிறைச்சி வாசனை என்று நாக்கின் கணக்கையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். காஜி வேலையைவிடச் சாப்பாட்டை அவர் கவனமாகப் பார்த்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவருக்கு அரை நூற்றாண்டு முன்னால் மார்க்கோ போலோ காயலுக்கு வந்திருந்தார். ஓர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் வந்து நின்ற துறை என்று அதைச் சொன்னார். அவர் பார்த்த காயல் இந்தக் காயல்பட்டினம் அல்ல, தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயல்தான் என்று பிஷப் கால்டுவெல் வாதிட்டார். எந்தக் காயலானாலும் சரி, மாலத்தீவிலிருந்து கிழக்கே திரும்பும் சரக்குக்கு இந்தக் கரை வழியில்தான் இருந்தது.

மாசியின் பெரிய சந்தை கொழும்பு. மாலத்தீவுக்காரர் கொழும்பில் மாசியை இறக்கி அரிசி, துணிமணி ஏற்றிக்கொண்டு போனார்கள். நூற்றாண்டுக்கணக்கில் அந்தத் தீவுகளின் பிழைப்பே இதை நம்பியிருந்தது. இலங்கைச் சமையலில் மாசி விழாத சட்டி குறைவு. வெங்காயமும் வற்றலும் சேர்த்து இடித்தால் கட்டாச்சம்பல், சர்க்கரை போட்டு வதக்கினால் சீனிச்சம்பல். கொழும்புக் கடையில் 'நான் சைவம்' என்று சொல்லிப் பருப்புக்கறி வாங்குகிறவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பருப்பிலும் ஒரு சிட்டிகை விழுந்திருக்கும். காயல் ஆண்கள் கடை வைத்திருந்ததும், ரத்தினக்கல் பார்த்ததும் அந்தக் கொழும்பில்தான். அவர்கள் வீடுகளில் வட்டிலப்பமும் சம்பலும் கொழும்பு வாடையோடு இருப்பதில் வியப்பென்ன? ஊருக்குத் திரும்புகிறவரின் பெட்டியில் மாசி ஒரு மூலையில் கிடக்கும். மினிக்காய் மாசியோ தூத்துக்குடிச் சந்தைக்கே வரும்.

1970களின் தொடக்கத்தில் இந்த வண்டி தடம் புரண்டது. அந்நியச் செலாவணி இல்லாமல் திண்டாடிய இலங்கை அரசு மாசி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. மாலத்தீவுக்கு வாடிக்கையாளர் என்றிருந்தது ஒரே நாடு. அதுவும் கையை விரித்துவிட்டது. மாலத்தீவுக்காரர் சூரையைக் காயவைப்பதற்குப் பதிலாகப் பச்சையாகவே ஜப்பானியக் கப்பல்களுக்கு விற்க ஆரம்பித்தார்கள். தென்னமரக் கட்டையில் செய்த பாய்மரத் தோணிகளுக்கு 1974 முதல் என்ஜின் வந்தது. இலங்கை வீடுகளில் மாசி போட வேண்டிய இடத்தில் நெத்திலிக் கருவாடு விழுந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்து மாசி திரும்பி வந்தது. ஆனால் மாலத்தீவின் பணப்பெட்டி அதற்குள் வேறு பக்கம் சாய்ந்திருந்தது.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் இன்றும் மரத் தோணிகள் நிற்கின்றன. வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் ஏற்றி மாலத்தீவுக்குப் போகின்றன. தென்மேற்குக் காற்று மாதங்களில் ஓட்டம் நின்றுவிடும். மாலேயில் காலைப் பசிக்குப் போகும் சாயாக்கடைக்கு 'ஹோட்டா' என்று பேர். அங்கே தட்டில் வருவது மாஸ் ஹுனி: சூரைத் துருவல், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு, பக்கத்தில் ரொஷி என்கிற மெல்லிய ரொட்டி. காயல் சம்பலில் தேங்காயும் வெங்காயமும் அப்படியே இருக்க, மீன் மட்டும் தூளாகிவிட்டது. அந்த ஹோட்டாவில் நறுக்குகிற வெங்காயம் சில வேளை நம் கரைத் தோணியில் போனதாகவும் இருக்கலாம்.

காயலில் மாசிக்குப் பகை ஈரம்தான். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டிய ஊர் என்றுதான் வெளியூர்க்காரர் பலருக்கு இப்போது காயலைத் தெரியும். மற்ற நாள்களில் அது வெயிலும் உப்புக்காற்றும் உள்ள ஊர். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அவ்வப்போது வெயில் காட்டினால் போதும். வேண்டும்போது ஒரு துண்டை உரலில் போட்டு இடிக்க வேண்டும்; மிக்சியில் அப்படியே போட்டால் பிளேடுதான் போகும். வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய், கடைசியில் புளிப்புக்கு எலுமிச்சை. கஞ்சிக்கும் ஆகும், இடியாப்பத்துக்கும் ஆகும், ஆணம் என்கிற குழம்பு வைக்க நேரமில்லாத நாளில் வெறுஞ்சோற்றுக்கும் ஆகும்.

இவ்வளவு கொஞ்சமாகப் போட்டும் ஏன் இப்படி ஊறுகிறது நாக்கு? 1913இல் ஜப்பானிய வேதியியலர் ஷின்தாரோ கொதாமா அதற்கு விடை கண்டார். ஜப்பானில் கத்சுவோபுஷி என்று ஒன்று உண்டு. அதே சூரை, அதே அவியல், அதே புகை. சில வகைகளுக்கு மேலே பூஞ்சணமும் ஏற்றுவார்கள். அதன் சுவைக்குக் காரணம் இனோசினேட் என்ற பொருள் என்று கொதாமா பிரித்துக் காட்டினார். மாசியிலும் வேலை செய்வது அதே சரக்குதான். ஜப்பானியர் அதைக் கத்தியில் சீவி ரசமாக இறக்குகிறார்கள். நம் பக்கம் மிளகாயோடு சேர்த்து இடிக்கிறோம்.

இதனால் ஹாங்காங்கில் இருக்கிற காயல்காரர் நிலைமைதான் வேடிக்கை. தெருமுனை ஜப்பானியக் கடையில் அதே சூரை, பூப்போலச் சீவி, கண்ணாடித்தாள் பையில் அடுக்கியிருக்கும். ஆனாலும் ஊரிலிருந்து வருகிற பெட்டியில் மாசிப் பொட்டலம் இருக்கத்தான் செய்கிறது. அந்தச் சீவலை மிளகாயோடு இடித்தால் நொடியில் மாவாகிவிடும். சம்பலில் நெறுநெறுக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.