ஒரு போகத்துக் கலை: மன்ஹாட்டன் கோதுமை வயலும் நிலையாமையும்

தற்காலிகத் தோட்டக் கலைப் படைப்புகளை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: செடி வாடும், பூ உதிரும், ஆகவே படைப்பு நிலையாமையைப் பேசுகிறது. ஆக்னஸ் டெனெஸ் 1982-இல் நியூயார்க்கில் உருவாக்கிய 'கோதுமை வயல்: ஓர் எதிர்கொள்ளல்' என்ற படைப்புக்கு இந்த வாசிப்பு போதாது என்பது என் வாதம். அந்த வயல் வாடி மறையவில்லை, விளைந்து, அறுவடையானது.

1931-இல் புடாபெஸ்டில் பிறந்த டெனெஸ், பொதுவெளிக்கு ஒரு படைப்பைச் செய்துதரும் வாய்ப்பு வந்தபோது இன்னொரு சிற்பத்தை நிறுத்த விரும்பவில்லை. உலக வர்த்தக மையத்துக்குக் கடைக்கால் தோண்டிய மண்ணையும் கல்லையும் ஹட்சன் ஆற்றங்கரையில் கொட்டி மேடாக்கிய இடத்தில் இரண்டு ஏக்கரைத் தேர்ந்துகொண்டார். வால் ஸ்ட்ரீட் நடந்துபோகும் தொலைவு. குப்பையும் கல்லும் பொறுக்கினார்கள். இருநூறு லாரி மண் அடித்தார்கள். 285 சால்களைக் கையாலேயே கீறி விதைத்தார்கள். களையெடுப்பு, உரம், பாசன அமைப்பு, பூஞ்சண நோய்க்கு மருந்துத் தெளிப்பு என எதுவும் குறையவில்லை. ஆகஸ்ட் 16 அன்று அறுத்தபோது ஆயிரம் பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 450 கிலோ, கோதுமை கிடைத்தது. அந்த நிலத்தின் மதிப்பை டெனெஸ் 450 கோடி டாலர் என்று குறிப்பிட்டார்.

இந்த விவரங்களைப் பின்னணித் தகவலாகத் தள்ளிவிட முடியாது. அழகுத் தோட்டம் கண்ணுக்கு நிறைவாக இருந்தால் போதும். பயிருக்கு மகசூல் வேண்டும். நோய்க்கு மருந்தடித்த கலைஞர் தம் படைப்பை இயற்கையின் போக்கில் அழியவிட நினைத்தவர் அல்லர்.

நம் உழவர் பேச்சில் 'போகம்' என்றொரு சொல் உண்டு. விதைப்பில் தொடங்கி அறுவடையில் முடியும் காலம் அது. போகம் முடிவதை யாரும் இழப்பென்று சொல்வதில்லை, ஏனெனில் அடுத்த போகத்தை வைத்தே அது முடிகிறது. தாளை மடக்கி உழுதால் நிலம் மறுபடி விதைப்புக்கு வந்துவிடும். மன்ஹாட்டனில் இல்லாமல் போனது அந்த அடுத்த போகம். கோதுமை தன் காலத்தை முழுதாக வாழ்ந்தது. நிலம்தான் கைவிட்டுப் போனது. அங்கே இன்று பேட்டரி பார்க் சிட்டியின் கட்டடங்கள் நிற்கின்றன.

நாலடியார் செல்வம், இளமை, யாக்கை மூன்றின் நிலையாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைக்கிறது. வழக்கமான வாசிப்பு இந்த வயலை யாக்கை நிலையாமையில் சேர்த்துவிடுகிறது. செல்வ நிலையாமையிலும் இதை அடக்க முடியாது. இங்கே நிலைத்து நின்றதே நிலத்தின் விலைதான். நிலைக்காதது நிலத்தின் மீது உழுபவருக்கு உள்ள பிடி. குத்தகைக்கு உழுது வெளியேற்றப்பட்ட எந்தக் குடும்பத்துக்கும் இந்த நான்காவது நிலையாமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

வயலின் புகழ்பெற்ற நிழற்படங்களில் கதிர்களுக்குப் பின்னால் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரிகின்றன. 2001-இல் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட பிறகு அந்தப் படங்களைப் பார்ப்பவர் மனம் பதறாமல் இருக்காது. ஆனாலும் அந்தத் துயரத்தை 1982-இன் மீது ஏற்றிப் படிப்பது சரியான ஆய்வு ஆகாது. டெனெஸ் கோபுரம் விழுவதைச் சொல்லவில்லை. கோபுரத்துக்கு இடம் உண்டு, கோதுமைக்கு இல்லை என்ற நடைமுறைக் கணக்கைத்தான் எதிர்கொண்டார்.

நிழற்படம் எஞ்சிவிட்ட பிறகு படைப்பைத் தற்காலிகமானது என்று சொல்லலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் படம் மட்டும் எஞ்சவில்லை. உலகப் பசியை ஒழிப்பதற்கான கண்காட்சியொன்றில் அந்தத் தானியம் 28 நகரங்களுக்குச் சென்றது. பார்வையாளர்கள் விதைகளை வாங்கிக்கொண்டு போய் விதைத்தார்கள். 2015-இல் மிலான் நகரின் போர்த்தா நுவோவா பகுதியில் ஐந்து ஹெக்டேரில் இதே வயல் மீண்டும் விளைந்தது. அதுவும் கட்டுமானம் பெருகும் பகுதிதான். அங்கும் ஒரு போகத்துக்கே அனுமதி.

நிலத்தின் மீதான பிடி நிலைக்காது என்பதை டெனெஸே நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று ஃபின்லாந்தில் உள்ளது. 1992 முதல் 1996 வரை யூலொயார்வியில், சரளைக் கல் தோண்டிக் கெட்டுப்போன இடத்தில் எழுப்பிய குன்றில், 11,000 பேரைக் கொண்டு 11,000 மரங்களை நட்டார். இம்முறை மண்ணோடு சேர்த்துப் பத்திரத்தையும் கவனித்தார். அந்தக் குன்றுக்கு 400 ஆண்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நட்ட ஒவ்வொருவருக்கும் பிள்ளை பேரப்பிள்ளைகளுக்குக் கைமாற்றித் தரக்கூடிய சான்றிதழ் வழங்கப்பட்டது.