எடைக் குறைப்பில் பசி மேலாண்மை

எடைக் குறைப்பில் பசி மேலாண்மை என்பது, உடல் செலவிடும் ஆற்றலைவிடக் குறைவாக உண்ணும் காலத்தில் எழும் பசியைத் தாங்கக்கூடிய அளவில் வைத்திருக்க உதவும் உணவு, வாழ்க்கைமுறை, மருத்துவ வழிகளின் தொகுப்பாகும். உணவுக் கட்டுப்பாட்டைப் பலர் பாதியில் கைவிடுவதற்கான முக்கியக் காரணங்களுள் பசியும் ஒன்று. இந்தப் பசி இரு வகைப்படும். ஒன்று வேளைக்கு வேளை எழுந்து அடங்குவது. இரைப்பையும் குடலும் மூளைக்கு அனுப்பும் செய்திகளைச் சார்ந்தது. மற்றொன்று, உடலின் கொழுப்புச் சேமிப்பு கரையக் கரைய வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போவது. முதல் வகையை உணவுத் தேர்வைக் கொண்டே பெருமளவு சமாளிக்கலாம். இரண்டாம் வகைக்கு அது மட்டும் போதாது. எவ்வளவு குறைக்கிறோம், எவ்வளவு வேகத்தில் குறைக்கிறோம் என்பவையே அங்கு முடிவு செய்கின்றன.

(இக்கட்டுரையில் கலோரி என்பது கிலோகலோரியைக் குறிக்கும்.)

வேளைப் பசி

பசியைச் சோதனைக்கூடத்தில் அளக்கும் முயற்சிகளுள் முன்னோடியானது 1912இல் வெளியானது. ஹார்வர்டு உடலியங்கியலாளர் வால்டர் கேனனுடன் பணியாற்றிய ஏ. எல். வாஷ்பர்ன், ஒரு பலூனைத் தாமே விழுங்கி, அது இரைப்பையில் இருக்கும்போது ஏற்படும் சுருக்கங்களைப் பதிவுசெய்தார். வயிறு கிள்ளுவதாக அவர் உணர்ந்த நேரங்களும் சுருக்கங்கள் பதிவான நேரங்களும் பொருந்தின. ஆனால் இரைப்பை அகற்றப்பட்டவர்களுக்கும் பசி எடுப்பதால், வெறும் வயிற்றின் சுருக்கம் மட்டுமே பசிக்குக் காரணம் அல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று.

1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மசயாசு கொஜிமாவும் கென்ஜி கங்காவாவும் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தனர். இது உண்பதற்கு முன் இரத்தத்தில் கூடி, உண்டபின் குறைகிறது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போதே இது உயரத் தொடங்குவதால், நாள்தோறும் ஒரு மணிக்குச் சாப்பிடுபவருக்கு ஒரு மணியை ஒட்டிப் பசி எடுக்கிறது. அந்த வேளையைத் தவறவிட்டாலும் பசி தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதில்லை. அலைபோல் எழுந்து ஓரளவு தணிகிறது.

நிறைவைத் தெரிவிக்கும் செய்திகள் வேறு வழிகளில் செல்கின்றன. இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்கு உணர்த்துகிறது. உணவு குடலை அடைந்ததும் கோலிசிஸ்டோகைனின், ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள் சுரந்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தியும் மூளையில் செயல்பட்டும் பசியை அடக்குகின்றன. இவை உயரச் சிறிது நேரம் பிடிக்கும். அவசர அவசரமாகச் சாப்பிடுபவர் நிறைவை உணர்வதற்குள் தேவைக்கு மேல் உண்டுவிடுவது இதனால்தான்.

சேமிப்புப் பசி

1994இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினை உருவாக்கும் மரபணுவைக் கண்டறிந்தது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் இந்த ஹார்மோன், உடலில் எவ்வளவு கொழுப்பு இருப்பில் உள்ளது என்பதை மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதிக்குத் தெரிவிக்கிறது. எடை குறைந்தால் லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சத்தின் அறிகுறியாகக் கொண்டு பசியைக் கூட்டுகிறது, ஆற்றல் செலவைக் குறைக்கிறது.

கிரெலினும் இதே திசையில் இயங்குகிறது. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டால் எடையில் 17 சதவீதத்தை இழந்தவர்களின் நாள் முழுவதற்குமான கிரெலின் அளவு 24 சதவீதம் உயர்ந்திருந்தது. 2011இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, இந்த மாற்றங்கள் எளிதில் மறைவதில்லை எனக் காட்டியது. 10 வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் இழந்தவர்களிடம், தொடக்கத்திலிருந்து 62 வாரங்கள் கழித்தும் லெப்டின், கிரெலின் உள்ளிட்ட ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் தொடக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது.

அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2016இல் இதற்கு ஒரு மதிப்பீட்டைத் தந்தது. எடை ஒரு கிலோ குறையும்போது உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. உண்ணும் உந்துதலோ நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது. இக்கணக்கின்படி, ஐந்து கிலோ குறைத்தவரின் உடல் நாள்தோறும் முன்பைவிட 500 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. தொடக்கத்தில் எளிதாக இருந்த கட்டுப்பாடு சில மாதங்களில் கடினமாவதற்கும் எடை ஒரே இடத்தில் நின்றுவிடுவதற்கும் மன உறுதி குறைந்ததே காரணம் என்று கூறுவது தவறு என்பதை இது உணர்த்துகிறது.

மினசோட்டா பட்டினி ஆய்வு

குறைத்து உண்பவரின் உடலையும் மனத்தையும் மிக விரிவாகப் பதிவுசெய்த ஆய்வு 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடம் தராது என மறுத்த 36 இளைஞர்கள் இதற்கு முன்வந்தனர். போரால் பட்டினிக்கு உள்ளான ஐரோப்பிய மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்பதை அறிவதே ஆன்சல் கீஸ் தலைமையிலான குழுவின் நோக்கம். நாளொன்றுக்கு 3,200 கலோரி உண்டுவந்தவர்களுக்கு 24 வாரங்கள் அதில் ஏறத்தாழப் பாதியே வழங்கப்பட்டது. உருளைக்கிழங்கு, டர்னிப் வகைக் கிழங்கு, ரொட்டி, மக்ரோனி ஆகியவையே முக்கிய உணவு. வாரந்தோறும் சுமார் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டியிருந்தது.

அவர்கள் எடையில் சுமார் கால் பங்கை இழந்தனர். உணவைத் தவிர வேறு எதிலும் நாட்டம் குன்றியது. சமையல் நூல்களைச் சேகரித்தனர், தட்டை நக்கினர், உணவில் நீரை ஊற்றிப் பெருக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டனர். ஒருவர் நாளுக்கு 40 பாக்கெட் சூயிங்கம் வரை மென்றார். கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் பலருக்கு வயிறு நிறைந்தும் பசி அடங்காத நிலை நீடித்தது. முடிவுகள் 1950இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன.

இவர்கள் உடற்பருமன் கொண்டவர்கள் அல்லர் என்பதால் இம்முடிவுகளை எடை குறைப்போருக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் ஒன்று தெளிவு: உருளைக்கிழங்கு மிகுந்த அந்த உணவு வயிற்றை நிரப்பக்கூடியதே. குறைப்பு மிகக் கடுமையாகவும் நீண்டதாகவும் இருந்தால், வயிற்றை நிரப்பும் எந்த உணவாலும் சேமிப்புப் பசியை ஈடுகட்ட முடியாது.

உணவின் நிறைவுத் திறன்

ஒரே அளவு கலோரி தரும் உணவுகள் ஒரே அளவு நிறைவைத் தருவதில்லை. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் சுசானா ஹோல்ட் குழு 38 உணவுகளை, ஒவ்வொன்றும் 240 கலோரி தரும் அளவில் வழங்கி, அடுத்த இரண்டு மணிநேரம் பசியைப் பதிவுசெய்தது. வெள்ளை ரொட்டிக்கு 100 எனக் கொண்ட இந்த நிறைவுக் குறியெண்ணில் வேகவைத்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடத்திலும், வெண்ணெய் மிகுந்த குரோசான் 47 பெற்றுக் கடைசியிலும் இருந்தன. புரதம், நார்ச்சத்து, நீர் மிகுந்தவை கூடுதல் நிறைவைத் தந்தன. கொழுப்பு மிகுந்தவை குறைவாகத் தந்தன. ஒவ்வோர் உணவையும் சிலரே உண்டு பார்த்தனர் என்பதால் எண்களைவிட அவை காட்டும் போக்கே முக்கியமானது.

புரதம்: ஒரே கலோரிக்குப் பொதுவாக மிகுந்த நிறைவைத் தருவது புரதமே. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், உணவின் ஆற்றலில் புரதத்தின் பங்கை 15இலிருந்து 30 சதவீதமாக உயர்த்தி, வேண்டிய அளவு உண்ண விட்டபோது, பங்கேற்றவர்கள் தாமாகவே நாளுக்கு சுமார் 440 கலோரி குறைவாக உண்டனர். எடை குறையும்போது தசை கரைவதையும் புரதம் குறைக்கிறது.

ஆற்றல் அடர்த்தி: ஒரு கிராம் உணவில் உள்ள கலோரி அளவு இது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும், மாவுச்சத்தும் புரதமும் தலா 4 கலோரியும் தருகின்றன. நீர் எதுவும் தருவதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் 1999இல் நடத்திய சோதனையில், கோழியிறைச்சியும் அரிசியும் சேர்ந்த உணவைச் சிலநாள் தனி நீருடனும், சிலநாள் அதே நீரைக் கலந்து சூப்பாகவும் கொடுத்தார். சூப்பாக உண்டபோதுதான் அடுத்த வேளையில் உண்ணும் அளவு குறைந்தது. உணவோடு சேர்ந்து வெந்த நீர், தனியாகக் குடித்த நீரைவிட நிறைவு தருகிறது. சர்க்கரை கலந்த பானங்கள் இதற்கு நேர்மாறு: கலோரி சேர்கிறது, பசி அந்த அளவுக்குக் குறைவதில்லை.

பதப்படுத்தல்: 2019இல் கெவின் ஹால் குழு 20 பேரைச் சோதனை மருத்துவமனையில் தங்கவைத்து, அதிகம் பதப்படுத்திய உணவையும் பதப்படுத்தாத உணவையும் தலா இரண்டு வாரம் வழங்கியது. வழங்கப்பட்ட உணவுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை சமப்படுத்தப்பட்டிருந்தும், பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்கு சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர், வேகமாகவும் உண்டனர்.

தமிழர் உணவில் இதன் பயன்பாடு

தமிழ்நாட்டு வேளை உணவில் சோறு, இட்லி, தோசை ஆகியவையே தட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள், மொத்த ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. நாள்தோறும் சோற்றை மட்டும் குறைத்து வேறெதையும் சேர்க்காதவருக்கு நான்கு மணிக்கே பசி எடுக்கும். சோற்றைக் குறைத்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதே முக்கியம்.

எடுத்துக்காட்டாக, 300 கிராம் சோற்றில் சுமார் 390 கலோரியும் 8 கிராம் புரதமும் உள்ளன. சோற்றைப் பாதியாக்கி, 25 கிராம் பாசிப்பருப்பும் 150 கிராம் சுரைக்காயும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்த கூட்டும் ஓர் அவித்த முட்டையும் வைத்தால் கலோரி ஏறத்தாழ 420, புரதம் இருமடங்கு, உணவின் அளவும் கணிசமாகக் கூடுதல். கலோரியில் பெரிய மாற்றமில்லாமலே பசி தாங்கும் நேரம் நீள்கிறது. புடலங்காய், பீர்க்கங்காய், வாழைத்தண்டு, கீரை வகைகளைக் கொண்டும் இதையே செய்யலாம். முட்டை உண்ணாதவர் பருப்பின் அளவைக் கூட்டலாம் அல்லது கெட்டித் தயிர் சேர்க்கலாம்.

மாலைச் சிற்றுண்டியில்தான் வேறுபாடு மிகுதி. 50 கிராம் மிக்சரில் சுமார் 250 கலோரி இருக்கிறது. 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 165 கலோரியும் 9 கிராம் புரதமும் உள்ளன, மெல்லவும் நேரமாகும். காய்கறியின் பயனைக் கெடுப்பது பெரும்பாலும் தாளிப்பும் தேங்காயும்தான். கண்ணளவாக ஊற்றும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஆனால் சுமார் 120 கலோரி. 30 கிராம் தேங்காய்த் துருவலில் சுமார் 100 கலோரி. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட டீயை நாளுக்கு மூன்று முறை குடித்தால், எந்த நிறைவும் தராத 120 கலோரி சேர்கிறது.

நேரம், தூக்கம், உடற்பயிற்சி

ஒரு நாளில் எத்தனை வேளை உண்பது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விதி இல்லை. 2022இல் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், எட்டு மணிநேரத்துக்குள் உண்டு முடித்தவர்களுக்கும், அதே கலோரிக் குறைப்பை நேரக் கட்டுப்பாடின்றிச் செய்தவர்களுக்கும் எடைக் குறைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கிரெலின் வழக்கமான நேரத்தைப் பின்பற்றுவதால், எந்த முறையானாலும் அன்றாடம் ஒரே நேரங்களில் உண்பது எதிர்பாராத பசியைக் குறைக்கும்.

தூக்கக் குறைவு பசியைத் தூண்டுகிறது. 2004இல் சிகாகோ பல்கலைக்கழகம் 12 இளம் ஆண்களிடம் நடத்திய சோதனையில், இரண்டு இரவுகள் நான்கு மணிநேரமே படுக்க அனுமதித்தபோது லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. பசியும் இனிப்பு, மாவு உணவுகளின் மீதான நாட்டமும் அதிகரித்தன. கடும் உடற்பயிற்சி பசியைச் சிறிது நேரம் மட்டுப்படுத்துகிறது. ஆனால் உடற்பயிற்சி செய்ததை ஈடுகட்டக் கூடுதலாக உண்பதும் பலரிடம் காணப்படுகிறது.

குறைப்பின் அளவு

நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைப்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. தொடக்க வாரங்களில் இது வாரத்துக்கு அரைக் கிலோ அளவுக்கு எடையைக் குறைக்கும். பின்னர் வேகம் தணியும். எடை நின்றுவிட்ட நிலையில் உணவை மேலும் வெட்டுவதைவிட, சில வாரம் அந்த எடையைத் தக்கவைத்துக்கொண்டு தொடர்வது சிலருக்கு எளிதாக இருக்கிறது. நாளுக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவுமுறையை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே மேற்கொள்ள வேண்டும். வேகமாக எடை குறைந்தால் பித்தப்பைக் கற்கள் உருவாகும் ஆபத்தும் உண்டு.

மருந்துகள்

உடற்பருமன் கொண்டவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் செமகுளூட்டைட் போன்ற மருந்துகள் ஜிஎல்பி-1 ஹார்மோனைப்போல் செயல்பட்டுப் பசியைக் குறைக்கின்றன. 2021இல் வெளியான ஆய்வில், செமகுளூட்டைட் ஊசி போட்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக எடையில் 14.9 சதவீதத்தை இழந்தனர். போலி மருந்து பெற்றவர்கள் 2.4 சதவீதத்தையே இழந்தனர். மருந்தை நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை இவற்றின் பொதுவான பக்கவிளைவுகள்.

எச்சரிக்கைகள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், உண்ணல் கோளாறு உடையவர்கள் ஆகியோர் மருத்துவ ஆலோசனையின்றிக் கலோரிக் குறைப்பில் இறங்கக் கூடாது. இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுக்கும் நீரிழிவு நோயாளிக்கு நடுக்கம், வியர்வை, படபடப்புடன் திடீரென எழும் பசி இரத்தச் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சர்க்கரை உட்கொள்ள வேண்டும். வழக்கம்போல் அல்லது அதற்கு மேல் உண்டும் எடை குறைந்து பசி கூடுவது கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவின் அல்லது தைராய்டு மிகைச்சுரப்பின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் பரிசோதனை தேவை.