ஜூம் செயலி 90 நாட்கள் புது வசதிகளை நிறுத்தி வைத்தது ஏன்?

வீடியோ கால் செயலி எதுவும் முழுசாகத் தயாராகி வெளியே வருவதில்லை. ஒரு பதிப்பு, பயனர்கள் சொல்லும் குறை, திருத்தம், மறுபடி அடுத்த பதிப்பு. இந்தச் சுழற்சிக்குப் பெயர் 'இட்டரேட்டிவ்' முறை.

2019 டிசம்பரில் ஜூம் கூட்டங்களில் தினமும் பங்கேற்றவர்கள் அதிகபட்சம் 1 கோடி. கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச்சில் அது 20 கோடியைத் தாண்டியது. அழைக்காத ஆட்கள் ஆன்லைன் வகுப்புகளுக்குள் புகுந்து ஆபாசப் படம் காட்டினார்கள். அதற்கு 'ஜூம்பாம்பிங்' என்று பேரே வந்துவிட்டது.

ஏப்ரல் 1-ம் தேதி, அடுத்த 90 நாட்கள் பாதுகாப்பு வேலை மட்டும்தான் என்று அறிவித்தார் தலைமைச் செயல் அதிகாரி எரிக் யுவான். சில நாட்களிலேயே பல கணக்குகளில் பாஸ்வேர்டும் காத்திருப்பு அறையும் தானாகவே ஆன் ஆயின. பிறகு, கூட்டம் நடத்துபவரின் திரையில் 'செக்யூரிட்டி' பட்டன் வந்தது. பூட்டும் வசதி ஏற்கெனவே இருந்ததுதான். மெனுவுக்குள் தேட வேண்டியிருந்தது. பதற்றத்தில் இருக்கும் டீச்சர் எங்கே போய்த் தேடுவார்?

முழுமையான எண்ட்-டு-எண்ட் குறியாக்கம், கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் என்றுதான் முதலில் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஜூனில் முடிவு மாறியது. அக்டோபரில் இலவசப் பயனர்களுக்கும் சோதனை வடிவில் கிடைத்தது. ஆனால் அதை ஆன் செய்தால் கிளவுட் ரெக்கார்டிங் வேலை செய்யாது.