இடக்கரடக்கலும் கருத்தடை வாணிகமும்

அவையில் கூறத்தகாதவற்றைப் பிறிதோராற்றான் மறைத்துரைத்தல் இடக்கரடக்கல். நன்னூலார் இதனைத் தகுதி வழக்கினுள் அடக்கினார். நாகரிகத்தின்பாற்பட்ட இவ்வழக்கு வாணிகர் கையிற் சிக்கின் உயிர்க்கும் ஊறு செய்யும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் மருத்துவர் சீட்டின்றி விற்கப்பெற்ற விந்தணுக்கொல்லிகளின் வரலாறு இதற்குச் சான்று.

விந்தணுவைக் கெடுக்கும் பொருளை உள்ளே வைத்துக் கருவுறாது காத்தல் மிகத் தொன்மையான முறை. கி.மு. 1550-ஐ ஒட்டிய எகிப்திய ஏபர்ஸ் பாப்பிரசு, வேலமரப் பொருளையும் பேரீச்சையையும் அரைத்துத் தேன் கூட்டிப் பஞ்சில் தோய்த்து வைக்குமாறு கூறும். வேலம்பிசின் புளிப்பின் லாக்டிக் அமிலம் தோன்றும். அது விந்தணுவைக் கெடுப்பது. கருவுறாமையே நோக்கமென அந்நூல் வெளிப்படையாகவே உரைக்கிறது.

1873-இல் இயற்றப்பெற்ற காம்ஸ்டாக் சட்டமோ கருத்தடைப் பொருள்களையும் அவை பற்றிய செய்திகளையும் அஞ்சலில் விடுத்தலைக் குற்றமாக்கிற்று. வாணிகர் பொருளைக் கைவிடவில்லை, பெயரைக் கைவிட்டனர். 1930-களில் பசைமருந்து, கரையும் மாத்திரை, கழுவுநீர் முதலியன ‘பெண்டிர் தூய்மை’ என்னும் பெயரால் கடைதொறும் விற்றன. குழூஉக்குறி எனலாமோவெனின், நாட்டுப் பெண்டிர் பலரும் பொருளுணர்ந்தே வாங்கினராதலின் அங்ஙனம் கூறுதலும் பொருந்தாது.

இவற்றுள் பெருவழக்குற்றது லைசால் என்னும் கிருமிநாசினி. அதன் பழைய கலவையிலிருந்த கிரெசால் மென்தோலைப் புண்படுத்தும், இறந்தாரும் உளர். பயனோ மிகச் சிறிது. நூவர்க் நகரத் தாய்மை நல நிலையத்தில் 1933-இல் நிகழ்ந்த ஆய்வில், அதனைப் பயன்படுத்திய 507 பெண்டிருள் 250 பேர் கருவுற்றமை தெரிந்தது. ஆயினும் அவர்கள் யாரிடம் முறையிடுவர்? கருத்தடைக்கென்று சொல்லி விற்காத பொருள் கருவைத் தடுக்கவில்லை என்று வழக்குரைத்தல் இயலாது. பெயரை மறைத்தவன் பொறுப்பையும் உடன் மறைத்தான்.

அதே காலத்தில் இங்கிலாந்தில், ஆக்சுபோர்டு அறிஞர் ஜான் பேக்கர் பல வேதிப்பொருள்களை விந்தணுவின்மேல் இட்டு ஆய்ந்து ‘வால்பார்’ என்னும் மருந்தை அமைத்தார். ‘விரும்பிப் பெறும் பெற்றோர்மை’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அப்பெயர். ஆங்கும் சிறிது மறைப்பு உண்டு. ஆனால் மருந்தின் செயல் ஆராயப்பட்டது.

பின்னர்ப் பெருவழக்குற்ற நோனாக்சினால்-9 வெளிப்படையாகக் கருத்தடை மருந்தென்றே விற்கப்பட்டது. அடிக்கடி பயன்படுத்தின் அது உட்தோலைப் புண்படுத்தி எச்.ஐ.வி. தொற்றுக்கு இடந்தரும் என்பது புலனாயிற்று. அவ்வெச்சரிக்கையை உறையின்மேலேயே அச்சிடல் வேண்டுமென அமெரிக்க உணவு மருந்து ஆட்சியகம் 2007-இல் விதித்தது.