மறுபடியும் பட்டாளத்துக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பியபோது, விடுவிப்புப் பத்திரங்களோடு இன்னொரு தாளும் அவர்கள் முன் நீட்டப்பட்டது. விரும்பினால் ரிசர்வ் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். கவாத்துக்கு வர வேண்டாம், சம்பளமும் கிடையாது, ஆனால் போராடிப் பெற்ற பதவி கைவிட்டுப் போகாது. ஏராளமானோர் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு கல்யாணம் முடித்தார்கள், அரசு உதவியில் கல்லூரியில் சேர்ந்தார்கள், கடன் வாங்கி வீடு கட்டினார்கள். இன்னொரு உலகப் போர் மூண்டாலொழிய அந்தத் தாளை யாரும் தேட மாட்டார்கள் என்றே நினைத்திருந்தார்கள்.

1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை 38-ஆவது இணைகோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கியது. அமெரிக்கா தென் கொரியாவுக்குத் துணையாகப் போரில் குதித்தது.

1945-இல் 80 லட்சத்துக்கு மேல் ஆள்பலம் வைத்திருந்த அமெரிக்கத் தரைப்படை அப்போது ஆறு லட்சத்துக்குள் சுருங்கிக் கிடந்தது. ஜப்பானிலிருந்து அவசரமாகக் கிளப்பி அனுப்பப்பட்ட ரெஜிமென்டுகளில் மூன்று பட்டாலியன்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் இரண்டே இருந்தன. புதிதாக ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க மாதக்கணக்கில் ஆகும். துப்பாக்கி பிடிக்கவும் டாங்கி ஓட்டவும் வயர்லெஸ் இயக்கவும் தெரிந்தவர்கள் உடனே வேண்டும். பழைய பட்டியல்கள் வெளியே வந்தன.

இங்கேதான் பெரிய அநியாயம் நடந்தது. ரிசர்வில் இரண்டு வகை உண்டு. ஒரு சாரார் தங்கள் ஊர்ப் படைப்பிரிவில் சேர்ந்து முறையாகக் கவாத்துப் பழகி, ஒவ்வொரு கவாத்துக்கும் ஒரு நாள் சம்பளம் வாங்கினார்கள். மற்றவர்கள் வெறும் பெயர்களாகக் கோப்பில் இருந்தார்கள். சம்பளம் வாங்கியவர்களை முதலில் கூப்பிடுவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். ஆனால் தரைப்படை பெருமளவுக்கு இரண்டாமவர்களைத்தான் இழுத்தது. கொரியாவில் நடப்பது திசைதிருப்பும் வேலையாக இருக்கலாம், சோவியத் ஐரோப்பாவில் பாயலாம் என்று வாஷிங்டன் அஞ்சியது. கட்டுக்கோப்பான பிரிவுகளை அதற்காகப் பத்திரப்படுத்தியது. களத்தில் விழுந்த இடைவெளிகளைத் தனி ஆட்களைக் கொண்டு நிரப்பியது. தளபதிகளின் மேசையில் அந்தக் கணக்கு சரியாகவே வந்திருக்கும். ஒரு போரை முழுசாகப் பார்த்துவிட்டு வந்து, இப்போது கைக்குழந்தையும் வீட்டுக் கடனுமாக இருந்தவனுக்கு எந்தக் கணக்கில் அது நியாயம்?

மரைன் படையில் நிலைமை இன்னும் நெருக்கடி. மொத்தமே சுமார் 74,000 பேர்தான். கொரியப் போரை நடத்திய ஜெனரல் மக்ஆர்தரோ தென் கொரியாவின் இன்சோன் துறைமுகத்தில் இறங்க முழு டிவிஷன் ஒன்று கேட்டார். ரிசர்வை அழைக்க ஜூலை 19 அன்று அதிபர் ட்ரூமன் அனுமதி கொடுத்ததும், கலிஃபோர்னியாவின் பென்டில்டன் முகாமுக்கு ரிசர்வ் வீரர்கள் வந்து குவிந்தார்கள். மரைன்கள் கவாத்துப் பிரிவுகளையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். அவற்றைக் கலைத்து ஆட்களைப் பிரித்து அனுப்பினார்கள். யார் போருக்குத் தயார் என்று தீர்மானிக்க முகாமில் ஓர் அளவுகோல் இருந்தது. இரண்டு கோடைப் பயிற்சி முகாமும் 32 கவாத்தும், அல்லது ஒரு முகாமும் 72 கவாத்தும் முடித்தவன் தயார். முன்பு மரைன் படையில் 90 நாளுக்கு மேல் சேவை செய்தவனும் தயார்தான். இடையில் எத்தனை வருஷம் துப்பாக்கியைத் தொடாமல் இருந்தான் என்பது அந்த அளவுகோலில் இல்லை.

அங்கே ஆகஸ்ட் 17 அன்று உருவாக்கப்பட்ட 7-ஆவது மரைன் ரெஜிமென்ட் செப்டம்பர் 21 அன்று இன்சோனில் கரையிறங்கியது. நடுவில் இருந்தது ஐந்தே வாரம். நவம்பர் முடிவில் வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்க மலைகளில், ரத்தமே உறையும் கடுங்குளிரில், வட கொரியாவுக்குத் துணையாக வந்த சீனப் படைகளின் முற்றுகைக்குள் அதே ரெஜிமென்ட் நின்றது. ஜூலையில் சொந்த ஊரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் அந்த மலையில் இருந்தார்கள்.

அழைக்கப்பட்டவர்களில் மிகப் பிரபலமானவர் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ். உலகப் போரில் மரைன் விமானியாகப் பயிற்சி பெற்று, மற்றவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். 1952 தொடக்கத்தில் அவருக்கு அழைப்பு வந்தபோது வயது 33. வீட்டில் நான்கு வயது மகள். ஏப்ரல் 30 அன்று பாஸ்டன் ஃபென்வே பார்க் மைதானத்தில் ரசிகர்கள் வழியனுப்ப, தன் கடைசி வாய்ப்பில் ஹோம் ரன் அடித்துவிட்டுக் கிளம்பினார். 1953 பிப்ரவரி 16 அன்று அவருடைய பான்தர் ஜெட் சுடப்பட்டது. ரேடியோ செத்துவிட்டது, சக்கரங்கள் இறங்கவில்லை. தீப்பற்றிய விமானத்தைச் சுவோன் தளத்தில் வயிற்றாலேயே தேய்த்து இறக்கி, வெளியே குதித்து ஓடிப் பிழைத்தார். அப்புறமும் பறந்தார், மொத்தம் 39 தாக்குதல் பயணங்கள். தன்னைத் திரும்ப அழைத்தது குறித்த கோபத்தைப் பின்னாளில் அவர் ஒளித்து வைக்கவில்லை. கடமையை முழுசாகச் செய்தவருக்கு அந்தக் கோபத்தின் மீது முழு உரிமை உண்டு.

புகழ் இல்லாதவர்களின் கோபம் வேறு வழிகளில் வெளிப்பட்டது. 1952-இல் டெக்ஸஸின் ராண்டால்ஃப் விமானத் தளத்தில், திரும்ப அழைக்கப்பட்ட அதிகாரிகள் சிலர் பறக்கவே மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் வரை போன அந்த விவகாரம் விமானப்படைக்குப் பெரும் சங்கடமானது.

அந்த ஆண்டு ஜூலை 9 அன்று ட்ரூமன் ஆயுதப்படை ரிசர்வ் சட்டத்தில் கையெழுத்திட்டார். ரிசர்வ் வீரர்கள் மூன்று அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டார்கள்: உடனே அழைக்கக்கூடியவர்கள், காங்கிரஸ் போரோ நெருக்கடியோ அறிவித்தால் மட்டும் அழைக்கப்படுபவர்கள், ஓய்வு பெற்றவர்கள். ஏற்கெனவே போர் பார்த்தவர்கள் இரண்டாம் அடுக்குக்கு மாறிக்கொள்ள வழி கிடைத்தது. யாரை, எப்போது, எந்த வரிசையில் கூப்பிடலாம் என்பது முதன்முறையாகத் தெளிவாக எழுதப்பட்டது. கொரியாவுக்குப் போனவர்கள் பட்ட பாட்டின் பலன் அது. அவர்களுக்கு அது உதவவில்லை.

கவாத்தும் சம்பளமும் இல்லாத பெயர்ப்பட்டியல் மட்டும் போகவில்லை. இன்று அமெரிக்கப் படையில் சேரும் எவருக்கும் மொத்தக் கடப்பாடு எட்டு ஆண்டுகள். நேரடிச் சேவை போக மீதியை அந்தப் பட்டியலில் கழிக்கலாம். 1991 வளைகுடாப் போரில் அதிலிருந்து ஆயிரக்கணக்கானோரை எடுத்தார்கள். 2004 ஜூனில், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஆள் போதாமல், சுமார் 5,600 முன்னாள் தரைப்படை வீரர்களை மீண்டும் அழைக்கப்போவதாக அறிவித்தார்கள். பலர் விலக்குக் கேட்டு மனுப் போட்டார்கள். சிலர் குறித்த தேதியில் போய் நிற்கவே இல்லை.