தள்ளி எடுப்பவர், தங்கி எடுப்பவர்

கள்ளக்குறிச்சியில் ஒரு லட்ச ரூபாய்க்கு மாதத்துக்கு ஒரு விலை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்று, ஆடி விதைப்புக்கு ஒன்று, தை பிறந்து நெல் வீடு சேர்ந்ததும் வேறொன்று. மண்டிக் கணக்கோடு ஏலச்சீட்டுக் கணக்கும் எழுதியவன் நான். இந்த ஊரின் அவசரத்தையும் பொறுமையையும் சீட்டு நோட்டு காட்டுகிற மாதிரி வேறெதுவும் காட்டாது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சீட்டைப் பிரித்துச் சொல்கிறேன். இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000, இருபது மாதம். மாதாமாதம் ஒரு லட்சம் சேரும். அவசரக்காரர் 30,000 தள்ளிக் கேட்டால் 70,000 வாங்கிப் போவார். தள்ளியதில் சீட்டுப் பிடிக்கிறவர் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 இருபது பேருக்கும் தலைக்கு 1,250 கசர். அந்த மாதம் 3,750 கட்டினால் போதும். பணம் எடுத்தவரும் கடைசி மாதம் வரை கட்டியாக வேண்டும். முதல் சீட்டு மட்டும் ஏலமில்லாமல் பிடிக்கிறவருக்கு. சட்டமே அதை அவருக்கு ஒதுக்கியிருக்கிறது.

இது ரூபாய் நோட்டோடு பிறந்த வழக்கமல்ல. 1982-ஆம் ஆண்டின் மத்தியச் சிட்பண்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள்: தவணை பணமாக இருக்கலாம், இல்லாவிட்டால் குறிப்பிட்ட அளவு தானியமாகவும் இருக்கலாம் என்கிறது. மரக்காலால் அளந்து சீட்டுக் கட்டிய காலத்துக்கு அந்தச் சட்டத்தில் இன்னும் இடமிருக்கிறது. எடுப்பவரைக் குலுக்கலிலோ ஏலத்திலோ டெண்டரிலோ முடிவு செய்யலாம். நம் மாநிலத்தில் அதற்கு முன்பே, 1961-லேயே, தனிச் சட்டம் வந்துவிட்டது. கேரளத்தில் 1969-இல் அரசாங்கமே சீட்டு நிறுவனம் தொடங்கியது. சென்னையில் 1974-இல் ஸ்ரீராம் சிட்ஸ் வந்தது. எங்கள் கடைத்தெருவுக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி. இங்கே சீட்டு என்றால் ஒரு மனிதர், ஒரு நீள நோட்டு, அவர் பேச்சு.

1982 சட்டம் தள்ளுபடிக்கு உச்சவரம்பு வைத்தது. இரண்டு பேர் அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் குலுக்கல்தான். எனக்கு அதில் முழுச் சம்மதம். கல்யாணத் தேதி குறித்தவர் இரண்டு பேர் ஒரே மாதத்தில் மோதினால் ஏலம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். 2019 திருத்தம் கமிஷனை 5-லிருந்து 7 சதவீதமாக்கியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தை மாதத்தில் விவசாயி ஏலம் கேட்க மாட்டார். அப்போது கேட்பவர் அரிசி ஆலைக்காரர். நெல் மலிந்த நேரத்தில் மூட்டைகளை வாங்கிப் போட்டுவிட்டால், தள்ளிய தொகை ஆடிக்குள் திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு. மகளுக்கு நகை சேர்ப்பவர்கள் கசரை வாங்கிக்கொண்டே பதினெட்டு, பத்தொன்பதாவது சீட்டு வரை தங்குவார்கள். தங்குவதும் துணிச்சல்தான். சீட்டு பாதியில் உடைந்தால் அடி அத்தனையும் எடுக்காதவர் தலையில்.

எடுப்பதா, தங்குவதா என்ற இதே கணக்கு வேறோர் இடத்திலும் உண்டு. டொரண்டோவில் இருக்கும் என் அக்கா மகன் நண்பர்களோடு கற்பனை ஐஸ் ஹாக்கி அணி நடத்துகிறான். நிஜ ஆட்டக்காரர்களைக் காகிதத்தில் பிரித்து எடுத்துக்கொள்ளும் விளையாட்டு. அங்கே நிஜ லீக்கில் 1963-இலிருந்து புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. இப்போது அதில் கீழே நிற்கும் அணிகளுக்கு முன்னுரிமை. அதே முறையில் ஆடும் அவன் விளையாட்டில், அடுத்த வருடத்துத் தேர்வைக் கொடுத்து இந்த வருடத்துக்கு ஒரு நல்ல ஆளை வாங்கலாமா என்பதுதான் அவனுக்கு எப்போதும் யோசனை. "கோப்பைக்குக் கிட்ட இருக்கிறவன்தான் மாமா இப்பவே எடுக்கணும். கீழ கிடக்கிறவன் காத்திருக்கணும்" என்றான். எங்கள் சீட்டில் தலைகீழ். ஆலைக்காரரைப் போல ஒன்றிரண்டு பேரை விட்டால், கீழே கிடப்பவர்தான் முதலில் எடுக்கிறார். காத்திருக்க முடிந்தவருக்கு அவர் கசர் கொடுக்கிறார்.

ஆனாலும் சீட்டில் இருபது பேர் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்கிறோம். மேற்கே கல்வராயன் மலையில் அந்தப் பாய்கூட விரிக்கப்படவில்லை. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-இல்தான். முன்பணம் வாங்கியவன் உழைப்பால் கழிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும் மரத்தின் மேல் முன்பணம் கொடுக்கிற வழக்கம் தொடர்ந்தது.

மலையிலிருந்து இறங்குவது கடுக்காயும் புளியும். கடுக்காய் தோல் பதனிடப் போகும். புளிக்கு மூன்று விலை: மரத்தில் பூவாக இருக்கும்போது முன்பணம் கொடுத்துப் பேசுவது, உலுக்கி ஓட்டோடு எடைபோடுவது, ஓடு உடைத்துக் கொட்டை எடுத்து விற்பது. பூவிலேயே பேசினால் மழை பொய்த்த நஷ்டம் வாங்கியவருக்கு என்பார்கள் வியாபாரிகள். உண்மைதான். ஆனால் அந்த நஷ்டத்தைப் பல மரங்களில், பல ஊர்களில் பரப்பிக்கொள்ள அவரால் முடியும். பேசும் இடத்தில் எதிர்த்துக் கேட்க இன்னொருவர் கிடையாது. அவர் சொல்வதுதான் தள்ளுபடி, கசரும் அவருக்கே.

மூன்றாவது விலைக்கு விற்க வேண்டுமானால் பூக்கும் ஆனியிலிருந்து உலுக்கும் மாசி வரை வீட்டில் அரிசி இருக்க வேண்டும். நான் கணக்கெழுதிய காலத்தில் அந்த விலையைப் பெரும்பாலும் எங்கள் கடைத்தெருதான் எடுத்தது.